தாடிக்கொம்புக்குப் போன டெஸ்ட் கம்ப்யூட்டர்

அந்த ஒரு வரியை எழுதியபோது நான் பொய் சொன்னேனா, மறந்துதான் போனேனா? இரண்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை. மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ளும் நாட்களில், இல்லை, உனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. பொய்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ளும் நாட்களில், குழந்தைக்கு அன்று காய்ச்சலாயிற்றே என்று எனக்காக நானே வாதாடுகிறேன்.

வரி பெரிதாக ஒன்றுமில்லை. 'சோதித்துப் பார்த்தவர்' என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல், அதன் பக்கத்தில் என் பெயர், மின்னஞ்சல் முகவரி. அவ்வளவுதான்.

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் நான் இப்படித்தான் விளக்குவேன். கம்ப்யூட்டரில் நெட் கேபிள் செருகும் இடத்துக்குப் பின்னால் ஒரு சிப் இருக்கும். அதோடு எப்படிப் பேசுவது என்று கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. நடுவில் நின்று பேசுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஓர் இயங்குதளம் உண்டு. அதன் மையப் பகுதியை கெர்னல் என்பார்கள். அதற்குள் இப்படி ஏகப்பட்ட டிரைவர்கள். எந்த டிரைவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு நீளமான கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். அதில் ஒரு பழைய நெட்வொர்க் கார்டுக்கு நேரே என் பெயர் இருக்கிறது. பெயருக்குக் கீழே 'பராமரிக்கப்படுகிறது' என்று ஒரு குறிப்பும் இருக்கிறது.

இவ்வளவு சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் அடுப்பைப் பார்க்கவோ கைப்பேசியைப் பார்க்கவோ போய்விடுவார்.

அந்தப் பெயர் அங்கே வந்தது என் கல்லூரிக் காலத்தில். எங்கள் லேபில் இருந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் அந்தக் கார்டுதான். புதிய கெர்னல் போட்டதும் நெட் அறுந்து அறுந்து வந்தது. விடுமுறை முழுக்க உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்து ஒரு திருத்தம் அனுப்பினேன். இந்த உலகத்தில் திருத்தத்துக்கு பேட்ச் என்று பெயர். அப்போது அந்த டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு இன்னும் சில பேட்ச்கள். இரண்டு வருடம் கழித்து அவரிடமிருந்து மூன்று வரியில் ஒரு மெயில் வந்தது. எனக்கு இனி நேரமில்லை, உங்களுக்கு விருப்பமா என்று கேட்டிருந்தார். விருப்பம் என்று எழுதிவிட்டு அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா, "சர்டிபிகேட் குடுப்பாங்களா?" என்று கேட்டார். சர்டிபிகேட்டும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

இன்றைக்கு எனக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. மதுரையில் பார்த்த வேலையைப் பிரசவத்தோடு விட்டுவிட்டேன். நாகல் நகரில் மாடி வீடு. கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். என் பெயரில் வெளியுலகத்தில் மிச்சமிருப்பது அந்தக் கோப்பில் இருக்கும் ஒரு வரிதான். இதைச் சொன்னால் மிகையாகத் தெரியும். சொல்லாமல் விட்டால் இனி நான் எழுதப்போகும் எதுவும் புரியாது.

கார்டு இரண்டு வகை. ஒரே கம்பெனி, ஒரே பெயர், முதலில் வந்தது பழையது, பிறகு வந்தது புதியது. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, உள்ளே சிப்பின் குணம் மட்டும் கொஞ்சம் மாறும். என் டிரைவர் இரண்டையும் ஓட்டுகிறது. ஆகவே எந்த பேட்ச் வந்தாலும் இரண்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். இதற்காகவே கணவரின் கடைக்கு வந்த பழைய பெட்டிகளில் தேடி, இரண்டு சிபியூ எடுத்து வைத்திருந்தேன். ஹாலில் ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் இரண்டு பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பழைய கார்டு இருந்த பெட்டிக்கு இடது பக்கத்து மூடி கிடையாது. குழந்தை விரலை விடாதபடி அட்டை வைத்து நாடா சுற்றியிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பெட்டி மேசையில் இல்லை.

"என்னங்க, இங்கன இருந்த சிபியூ எங்க?"

கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "தாடிக்கொம்புல உரக்கடைக்காரருக்குக் குடுத்திருக்கேன். அவரு கம்ப்யூட்டர் போர்டு போயிருச்சு. பில்லு போட முடியாம நிக்கிறாரு மனுசன். ரெண்டே நாளு, வந்துரும்."

"அது என் டெஸ்ட் மிஷினு."

"தெரியும்மா. சும்மாதான கெடந்துச்சு?"

சும்மா கிடக்கவில்லை, காத்திருந்தது என்று சொல்லத் தோன்றியது. ஆனால் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டிருந்தோம், உடம்பு சுட ஆரம்பித்திருந்தது. அது பெரிதா, இது பெரிதா?

அந்த வாரம்தான் பேட்ச் வந்தது. அனுப்பியவர் வெளிநாட்டில் ஏதோ ஒரு நிறுவனத்தில் இருப்பவர். பழைய டிரைவர்களை எல்லாம் துப்புரவு செய்வதே அவர் வேலை போலிருக்கிறது. என் டிரைவரில் ஒரு வரியை நீக்கியிருந்தார். அந்த வரி சிப்பிலிருந்து ஓர் எண்ணைப் படிக்கும். படித்துவிட்டு எதற்கும் பயன்படுத்தாது. படித்த எண்ணை யாரும் பயன்படுத்தவில்லை, ஆகவே நீக்குகிறேன் என்று காரணம் எழுதியிருந்தார். படித்தால் நியாயமாகத்தான் இருந்தது. அந்த வரி எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. இது எதற்கு இங்கே இருக்கிறது என்று அதைக் கடக்கும்போதெல்லாம் நானும் யோசித்திருக்கிறேன். அவர் ஒரு விளக்கக் குறிப்பும் எழுதி வைக்கவில்லை. நானும் அவரிடம் கேட்கவில்லை.

நெட்வொர்க் பகுதியில் எல்லாம் வேகம். ஒரு பேட்ச் வந்தால் இரண்டு மூன்று நாளில் அந்த டிரைவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் ஏதாவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், மொத்த நெட்வொர்க் பகுதிக்கும் மேலே இருப்பவர் தானே பார்த்து எடுத்துக்கொள்வார். அதற்கு முந்தைய இரண்டு பேட்ச்களுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றின்போது குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இன்னொன்றின்போது வீட்டில் விருந்தாளிகள். மூன்றாவது முறையும் பேசாமல் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் எனக்கு.

குழந்தை மதியம் தூங்கிய நேரத்தில் புதிய கார்டில் பேட்ச்சைப் போட்டேன். கேபிளின் மறுமுனையை லேப்டாப்பில் செருகி, ஒன்றரை மணி நேரம் தரவை அள்ளி அள்ளி அனுப்பினேன். ஒரு பிசகும் இல்லை. குழந்தை சிணுங்கியது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் பதில் தட்டினேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி. அதன் கீழே, சோதித்துப் பார்த்தவர் என்று என் பெயர்.

நான் உட்கார்ந்திருந்தது அந்த மேசைக்கு நேர் எதிரே. பழைய பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு நீள்சதுரம் இருந்தது. அது என் கண்ணில் பட்டதா, படவில்லையா? இதைத்தான் நான் முதலில் கேட்டேன்.

மூன்று வாரம் கழித்து, குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. ஏதோ ஓர் ஊரில் ஒரு நூலகத்தின் பழைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் எழுதியிருந்தார். கெர்னலைப் புதுப்பித்ததிலிருந்து பத்திருபது நிமிடத்தில் நெட் நின்றுவிடுகிறதாம். மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துப் போட்டு, எதில் கெடுகிறது என்று நாள்கணக்கில் தேடியிருக்கிறார். கடைசியில் சிக்கியது அந்த ஒரு வரி நீக்கம். ஆதாரத்துக்கு அந்த பேட்ச்சை அப்படியே ஒட்டியிருந்தார். அதில் என் பெயர். அவரிடம் இருப்பது பழைய கார்டு.

ஒரு மணி நேரத்தில் மேலே இருப்பவர் அதே கடிதத்தின் கீழே என்னைக் கேட்டார்: "எந்த வகைக் கார்டில் சோதித்தீர்கள்?"

திட்டியிருந்தால் தேவலை. அது வெறும் கேள்வி. அதற்கு ஒற்றைச் சொல்லில் உண்மையான பதில் இருந்தது. அந்தச் சொல்லை எழுதாமல் நான் மூன்று நாள் கடத்தினேன்.

நான்காம் நாள் குழந்தை டாக்டர் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தபோது, கைப்பேசியிலேயே எழுதி அனுப்பினேன். புதிய கார்டில் பிரச்சினை இல்லை, பழைய கார்டில் மறுபடி பார்த்துச் சொல்கிறேன் என்று. 'மறுபடி' என்ற சொல்லைப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவள் போல.

அந்த மெயில் போய்ச் சேரவில்லை. கெர்னல் வேலை எல்லாம் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் போகும் ஒரு பொது மெயில் பட்டியலில்தான் நடக்கும். அந்தப் பட்டியல் வெறும் எழுத்தாக வரும் மெயிலை மட்டும்தான் ஏற்கும். கைப்பேசி நம்மைக் கேட்காமலே எழுத்துக்கு அளவும் நிறமும் கொடுத்து அலங்காரம் பண்ணி அனுப்பும். பட்டியல் அதைத் தள்ளிவிடும். கல்லூரியில் படித்தபோதே எனக்கு இது தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு நானே இதை எழுதிக் காட்டியிருக்கிறேன். மேலே இருப்பவருக்கு ஒரு பிரதி நேராகப் போயிருக்கும்தான். ஆனால் பட்டியலில் வராததை அவர் படிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நான் பதில் எழுதிவிட்ட நிம்மதியில் இருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பட்டியலில் பார்த்தால், "பொறுப்பாளரிடமிருந்து பதில் இல்லை" என்று அவர் எழுதியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் குழந்தையின் பிளாஸ்டிக் தட்டை சிங்க்கில் எறிந்தேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். விளக்கம் எழுதாமல் போன பழையவர் மேல். பழைய வரிகளை வெட்டுவதையே வேலையாக வைத்திருப்பவர் மேல். சிபியூவைத் தூக்கிக் கொடுத்த கணவர் மேல். கைப்பேசி மேல். இப்படிப் போய்க் கடைசியில் சுற்றி என்னிடமே வந்து நிற்கும்.

மறுநாள் காலை லேப்டாப்பில் உட்கார்ந்து ஒழுங்காக எழுதிவிடலாம் என்றிருந்தேன். நாகல் நகரில் அன்று மாதாந்திர மின்தடை, ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரை. லேப்டாப் சார்ஜ் அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அப்போதுதான் தோன்றியது. தாடிக்கொம்பில் இன்று கரண்ட் இருக்கும். இரண்டு நாள் என்று போன என் பெட்டியும் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கடிதத்தில் என்ன எழுதுவது என்று இங்கே உட்கார்ந்து குழம்புவதைவிட, போய்ப் பார்த்துவிட்டே எழுதினால் என்ன?

குழந்தையை விட்டுவிட்டுப் போகலாமென்று கீழ் வீட்டு அக்காவிடம் போனேன். அக்கா தையல் மிஷின் வைத்திருக்கிறார். சின்னாளபட்டிச் சேலைகள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் ஃபால்ஸ் தைக்க வேண்டும்.

"எங்க கெளம்பிட்ட வெயில்ல?"

"தாடிக்கொம்பு வரைக்கும்க்கா. உரக்கடைக்கு."

"உரக்கடைக்கா? மாடியில தோட்டம் போடப் போறியாக்கும்?"

நடந்ததைச் சொன்னேன். அக்காவுக்கு கெர்னல் தெரியாது. ஆனால் மற்ற யாரையும்விட வேகமாகப் புரிந்துகொண்டார். மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு சட்டை தச்சு, ஒண்ண மட்டும் போட்டுப் பாத்துட்டு, ரெண்டும் அளவு சரியா இருக்குன்னு சொல்லிப்புட்ட. அப்படித்தான?"

"ஆமாக்கா."

"இப்ப கை மாட்ட மாட்டேங்குதுன்னு அந்தாளு வந்து நிக்கிறான்."

"ஆமா."

"போயி, தப்புதான்னு சொல்லி பிரிச்சுக் குடுத்துட்டு வர வேண்டியதுதான? இதுக்கு எதுக்கு இம்புட்டு மொகத்த தூக்கி வச்சிருக்க?" என்றவர், குழந்தை சேலை அடுக்கில் கை வைத்ததும், "ஏ கழுதை, அது கல்யாண வீட்டுச் சேலை! தாயி, நீ இவளயும் கூட்டிக்கிட்டே போயிரு. இன்னைக்கி என்னால ஏலாது" என்றார்.

கூட்டிக்கொண்டே போனேன். தோளில் லேப்டாப் பை, இடுப்பில் குழந்தை, பையின் சின்ன ஜிப்பில் ஒரு பென்டிரைவ். அதில் அந்த வரி இருக்கும் கெர்னல் ஒன்றும், வரி இல்லாத கெர்னல் ஒன்றும் முன்பே தயாராக இருந்தன. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி முழுக்க நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? பழைய கார்டிலும் நன்றாக ஓட வேண்டும். அந்த நூலகக்காரரின் கம்ப்யூட்டரில் வேறேதாவது கோளாறாக இருக்க வேண்டும். ஒரு பாவமும் அறியாத மனிதர், நாள்கணக்கில் தேடிச் சரியாகக் கண்டுபிடித்தவர், அவர் தப்பாக இருக்க வேண்டும் என்று.

உரக்கடை பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. உள்ளே நுழையும்போதே வேப்பம் பிண்ணாக்கு வாடை. கல்லாவுக்குப் பக்கத்தில் என் பெட்டி. மூடியில்லாத பக்கத்தில் நான் வைத்த அட்டை, நான் சுற்றிய நாடா. அட்டையின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

கடைக்காரர் என் கணவரை விட இருபது வயது மூத்தவர். "வா தாயி, வா. உக்காரு. புள்ளைக்கு முறுக்கு குடுக்கவா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"இத எடுத்துட்டுப் போக வந்தியா?"

"இல்லண்ணே. இங்கயே செத்த நேரம் ஒண்ணு பாத்துட்டு அப்படியே விட்டுர்றேன்."

"நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற மாட்ட எதுக்குத்தா ஊசி போட்டுப் பாக்கணுங்கிற? என் பழச விட இது தங்கம். ஒரு நா நின்னதில்ல. ஒன் வீட்டுக்காரரு வேற தாரேன், வேற தாரேன்னு போன் போடுறாரு. எனக்கு இதுவே போதும்ங்கிறேன்."

அவருடைய பெட்டியில் இருப்பது பழைய கெர்னல், அந்த வரி இன்னும் உள்ளே இருக்கிறது, அதனால்தான் ஒரு நாளும் நிற்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அரை மணி நேரம் மட்டும், உங்கள் கணக்கு எதையும் தொட மாட்டேன், பென்டிரைவிலிருந்துதான் ஓட்டுவேன் என்று கெஞ்சினேன். கூட்டம் இல்லாத நேரம் என்பதால் தலையாட்டினார்.

வரி இல்லாத கெர்னலை ஏற்றினேன். லேப்டாப்பை அங்கேயே சார்ஜில் போட்டு, கேபிளால் இணைத்து, தரவை அனுப்ப ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம், ஒன்றுமில்லை. பத்து நிமிடம், ஒன்றுமில்லை. எனக்குள் ஓர் அற்பச் சந்தோஷம் தலைதூக்கியது. குழந்தை முறுக்கை வைத்து யூரியா மூட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு விவசாயி உள்ளே வந்தார். பேச்சில் ஒட்டன்சத்திரம் பக்கம் தெரிந்தது. இந்தப் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருப்பார் போல. இரண்டு மூட்டை சொல்லிவிட்டு, "ஏனுங்க, பில்லு வருமுங்களா?" என்றார்.

"வரும் வரும். பெட்டிக்கி வைத்தியம் நடக்குது. செத்த நில்லுங்க" என்றார் கடைக்காரர்.

"பெட்டிக்குங்களா?" விவசாயி என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "டாக்டரம்மா புள்ளைய வெச்சுக்கிட்டே பாக்கறாங்க. பெரிய வியாதிங்களா?"

பதினான்காவது நிமிடம் லேப்டாப் திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் குறைந்தன. குறைந்து, பூஜ்யத்துக்கு வந்து, அப்படியே நின்றன. கார்டின் பின்னால் இருந்த பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காதது போல மினுங்கிக்கொண்டிருந்தது.

"நின்னு போச்சா?" என்று கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நின்னு போச்சுல்ல? நான் சொன்னேன்ல தொடாதன்னு!"

"நின்னது நல்லதுதாண்ணே" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

அடுத்து, வரி இருக்கும் கெர்னலை ஏற்றினேன். இருபது நிமிடம், அரை மணி. நிற்கவே இல்லை. நடுவில் விவசாயிக்குக் கையால் பில் எழுதிக் கொடுத்து அனுப்பினார் கடைக்காரர். என்னை முறைக்கவும் செய்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாம் சிப்புக்குச் சொல்லும் ஆணை உடனே போய்ச் சேராது, வழியில் தேங்கும். ஏதாவது ஒன்றைத் திருப்பிப் படித்தால்தான், தேங்கியதெல்லாம் தள்ளப்பட்டுப் போய்ச் சேரும். பழைய சிப்புக்கு அந்த வரி அதற்காகத்தான். படித்த எண் யாருக்கும் தேவையில்லை. படிப்பதுதான் தேவை. முன்னால் இருந்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. ஒரு வரிக் குறிப்பு எழுதி வைக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. சந்தேகம் வந்த அன்றே அவரிடம் கேட்க எனக்கும் ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அவருடைய கணக்கு பழையபடி ஓடுகிறதென்று காட்டிவிட்டு எழுந்தேன். "இனிமே புள்ளைய மட்டும் கூட்டிட்டு வா தாயி. அந்தக் குச்சிய வீட்டுல வச்சுட்டு வா" என்றார் பென்டிரைவைக் காட்டி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெட்டியைத் திருப்பித் தருவது பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்ததும் லேப்டாப்பிலிருந்து, வெறும் எழுத்தாக, பட்டியலுக்கு எழுதினேன். நான் புதிய கார்டில் மட்டும்தான் சோதித்தேன். பழைய கார்டு அன்று என்னிடம் இல்லை. அதைச் சொல்லாமல் பெயர் போட்டது என் தவறு. இன்று பழைய கார்டில் பார்த்தேன், பதினான்கு நிமிடத்தில் நின்றது. நீக்கிய வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். இதோடு அந்த வரி எதற்கு என்று விளக்கும் குறிப்பையும் அனுப்புகிறேன். மூன்று முறை படித்துப் பார்த்தேன். 'மறுபடி' என்ற சொல் எங்கும் இல்லை.

கிளினிக்கில் எழுதிய அந்த மெயில் போய்ச் சேராததற்காக அன்றுதான் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

யாரும் திட்டவில்லை. வரி திரும்ப வந்துவிட்டது. நூலகக்காரர் நன்றி சொல்லி எழுதினார். எனக்கு எதற்கு நன்றி? இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

போன திங்கட்கிழமை மேலே இருப்பவரிடமிருந்து ஒரு பேட்ச் வந்தது. அது டிரைவருக்கு அல்ல, அந்தப் பெயர்க் கோப்புக்கு. என் பெயரை எடுத்துவிட்டு, 'பராமரிக்கப்படுகிறது' என்ற இடத்தில் 'கவனிப்பாரில்லை' என்று போடும் பேட்ச். கூடவே மரியாதையாக ஒரு குறிப்பு: பல பேட்ச்களுக்குப் பொறுப்பாளரிடமிருந்து பதில் வரவில்லை. இது குற்றச்சாட்டு அல்ல, எல்லோருக்கும் வாழ்க்கை மாறும். தொடர விருப்பம் என்றால் வரும் வெள்ளிக்குள் சொல்லட்டும். பழைய கார்டு கையில் இருக்கிறது, வரும் பேட்ச்களைச் சில நாட்களுக்குள் அதிலும் சோதிக்க முடியும் என்று உறுதி சொன்னால் போதும். அப்படி யாரும் இல்லையென்றால், அடுத்த பதிப்புகளில் பழைய கார்டுக்கான பகுதியையே நீக்கிவிடலாம்.

நியாயமான கடிதம். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அநியாயமாக எழுதியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கணவர் படித்துவிட்டு, "சரின்னு எழுதிவிடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

"கார்டு கையில இருக்கான்னு கேக்குறாங்க."

"தாடிக்கொம்புல இருக்குல்ல?"

"அது கையிலயா?"

"அவருக்கிட்ட நான் பேசுறேன். வாங்கிரலாம்."

"எப்ப?"

"ரெண்டு நாளுல."

நான் அவரையே பார்த்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உனக்குப் புடிச்ச வேலை. விட்டா வருத்தப்படுவ. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

அது உண்மைதான். ஆனால் பெட்டி வந்தாலும் குழந்தைக்கு அடுத்த காய்ச்சல் வரும். விருந்தாளிகள் வருவார்கள். சில நாட்களுக்குள் என்று எப்படி உறுதி சொல்வது? சோதித்துப் பார்த்தேன் என்று எழுதிய அதே கையால், சோதித்துப் பார்ப்பேன் என்று எழுதினால், அது நம்பிக்கையா, அதே பொய்யின் எதிர்காலமா? முடியாது என்று எழுதினால் என்ன ஆகும் என்றும் தெரியும். அந்த நூலகத்திலும் தாடிக்கொம்பு உரக்கடையிலும், இன்னும் எனக்குத் தெரியாத எத்தனையோ இடங்களிலும், சந்தனம் வைத்து ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளில் என்றாவது கெர்னலைப் புதுப்பிக்கும் நாளில் நெட் வராது. ஏன் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. என் பெயரும் அந்தக் கோப்பில் இருக்காது.

கீழ் வீட்டு அக்காவிடமும் கேட்டேன். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "தைக்க முடியுமான்னு கேட்டா, முடியும் முடியாதுன்னு ரெண்டுல ஒண்ணு சொல்லணும். துணிய வாங்கி வச்சுக்கிட்டு முழிக்கக் கூடாது" என்றார். எந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு, "அத நீதான் சொல்லணும். எனக்கு உன் வீட்டுச் சோலி தெரியுமா?" என்று மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

இதை எழுதும் இன்று புதன்கிழமை. பதில் மெயிலைத் திறந்து வைத்திருக்கிறேன், மேலே வணக்கம் மட்டும் இருக்கிறது. நேற்று ஒரு நடுவழி தோன்றியது. அந்தக் கோப்பில் 'அவ்வப்போது மட்டும் கவனிக்கப்படும்' என்றும் ஒரு நிலை உண்டு. அதற்கு என் பெயரைப் போடச் சொல்லலாமா? அது நேர்மையா, தப்பிக்கும் வழியா? காலையில் நேர்மை என்று தோன்றுகிறது, மதியத்துக்குள் மாறிவிடுகிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கெர்னல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கைக்குழந்தையோடு ஒரு பொறுப்பைத் தன் பெயரில் வைத்திருந்தவர்கள், அதை வைத்துக்கொண்டவர்களானாலும் சரி, விட்டுவிட்டவர்களானாலும் சரி, என்ன சொல்லி எழுதினீர்கள்? எழுதிய பிறகு எப்படி இருந்தது? முடிந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்குச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த வெள்ளி கடந்திருந்தாலும் சொல்லுங்கள். நான் எதை எழுதியிருந்தாலும், அது சரியா என்று அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.